பக்கத்து வீட்டு ஏர் ஃப்ரையரில் நான் போட்ட முந்திரி

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே மதில் சுவர். பதினோரு வருடமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டம்மாவிடம் நான் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "தண்ணி லாரி வந்துடுச்சுங்க" என்று ஒருமுறை. "உங்க கொரியர் எங்க வீட்ல இருக்குங்க" என்று ஒருமுறை. அந்த இரண்டாவதைச் சொல்வதற்கும் என் மனைவி என்னை முதுகில் கைவைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள்.

அந்த வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. ரொம்ப நாள் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு இங்கே வந்து வீடு கட்டினார். காலையில் அவர் ஸ்கூட்டரை வெளியே தள்ளும் நேரத்தில்தான் நானும் பைக்கைத் தள்ளுவேன். அவர் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். அவர் கொஞ்சம் கர்வக்காரர் என்பது என் எண்ணம். அவரும் என்னைப் பற்றி அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

என் மனைவி எனக்கு நேர் எதிர். அவள் பிறந்ததே பக்கத்துக் கிராமம். இந்தப் பக்கம் வயல் இருந்த காலத்திலிருந்து எல்லோரையும் தெரியும். தெரியாதவர்களைப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்வாள். ஒரு ஏர் ஃப்ரையர் வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. வாங்குவதற்கு முன்னால் உபயோகித்துப் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டிலிருந்து அவர்களுடையதையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தம்மாவும், "நல்லா வச்சுப் பாருங்க, அவசரமே இல்ல" என்று சந்தோஷமாகக் கொடுத்தாராம். ஒரு வாரம் எங்கள் வீட்டில் அப்பளம், வெண்டைக்காய், மறுபடி அப்பளம் என்று அது ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலையில் மனைவி திண்டிவனத்துக்குக் கிளம்பினாள். அவள் தங்கை மகளுக்கு வளைகாப்பு. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன டூல் ரூமில் ஃபிட்டர் வேலை. டை என்று நாங்கள் சொல்லும் இரும்பு அச்சு ஒன்றை அந்த வாரம் அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது.

"ஊர்ல விசேஷம்னா போதும், உனக்கு டை வேல வந்துடும்" என்றாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "சரி, நல்லா கேட்டுக்கோ. அந்தம்மா புள்ள ஞாயித்துக்கெழம ஓசூர்லேந்து வருது. மொத சம்பளத்துல அம்மாவுக்குன்னு ஆசையா வாங்கிக் குடுத்த மெஷின்யா இது. அது வர்றப்ப ஊட்ல மெஷின் இல்லன்னா அந்தம்மா மூஞ்சிய எங்க வச்சிக்கும்? சனிக்கெழமைக்குள்ள கொண்டு போய்க் குடுத்துடு."

"நீ வந்து குடேன்."

"நான் திங்கக்கெழமதான் வருவேன். பக்கத்து ஊட்டுக்குப் போறதுக்கு இன்னா, பாஸ்போர்ட்டு எடுக்கணுமா?"

நான் பைக் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

"வெறும் மெஷினா குடுத்துடாத. எதனா போட்டுக் குடு. கடையில வாங்காத, அந்தம்மா எள்ளுருண்டகூட கையால புடிக்கிறவங்க. அப்புறம், மெஷின்ல தண்ணி மட்டும் படவே கூடாது. கரண்ட்டு சாமான்."

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாம்பார் வந்த கிண்ணம் ஒரு பிடி சர்க்கரையோடாவது திரும்பிப் போகும். மற்றவர்கள் இதைப் பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். என் மனைவி நிறுத்தமாட்டாள். ஒருமுறை வெள்ளையடிக்க ஏணி வாங்கித் திருப்பிக் கொடுத்தபோது, அதன் நடுப்படியில் நான்கு முருங்கைக்காயைக் கட்டி அனுப்பினாள். ஏணியையும் காயையும் தெருவில் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்.

இப்போது யோசித்தால், ஏர் ஃப்ரையருக்குள் இரண்டு வாழைப்பழம் வைத்து மூடியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. ஒரு பெண்மணி இதே மாதிரி மெஷினில் முந்திரியைப் போட்டு, பத்து நிமிடத்தில் பளபளவென்று இனிப்பு முந்திரியாக எடுத்தார். தட்டில் கொட்டியபோது கண்ணாடி மணி மாதிரி சத்தம் வந்தது. நான் பத்தாவது வரைதான் படித்தவன். ஆனால் டைகளைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துகிற அடுப்பின் பக்கத்தில் முப்பது வருடம் நின்றிருக்கிறேன். எண்ணூறு டிகிரி பார்த்தவனுக்கு நூற்றறுபது டிகிரி ஒரு பொருட்டா என்று எனக்குள் ஒரு இளக்காரம் வந்துவிட்டது. கூச்சக்காரனுக்கும் இளக்காரம் வரும். வெளியே சொல்லமாட்டான், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு ஆரம்பித்தேன். வீடியோவில் சர்க்கரையும் வெண்ணெயும் சொன்னார்கள். நான் வெல்லத்துக்கு மாறினேன். பாகு காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தேன். நன்றாக உருண்டது. டப்பாவில் இருந்த முந்திரி, வேர்க்கடலை எல்லாவற்றையும் மெஷினின் டிராயருக்குள் இருக்கிற துளைத் தட்டில் பரப்பி, பாகை மேலே அப்படியே ஊற்றினேன். பதினைந்து நிமிடம் வைத்தேன்.

பாதியில் வெளியே இழுத்துக் குலுக்க வேண்டும் என்று அந்தப் பெண்மணி இரண்டு தடவை சொல்லியிருந்தார். அதை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். எங்கள் டூல் ரூமில் அடுப்புக்குள் வேலை இருக்கும்போது கதவைத் திறப்பவன் தோலை மேஸ்திரி உரித்துவிடுவார். நேரம் முடிந்து மணி அடிக்கிறவரை தொடக் கூடாது. பாவம், அந்தப் பெண்மணிக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்தது. இழுத்துப் பார்த்தேன். அடடா, என்ன அழகு! ஒவ்வொரு முந்திரியும் வார்னிஷ் அடித்தது போல் மின்னியது. வீடெல்லாம் ஏலக்காய் வாசனை. சூட்டோடு தொடக் கூடாது என்பதும் எங்கள் தொழில் விதி. ஆறட்டும் என்று வைத்துவிட்டுச் செய்தி பார்க்கப் போனேன்.

திரும்பி வந்து ஒரு முந்திரியை எடுத்தேன். வரவில்லை. பக்கத்து முந்திரியை எடுத்தேன். அதுவும் வரவில்லை. டிராயரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன். ஒரு வேர்க்கடலைகூட அசையவில்லை. அப்புறம் குனிந்து உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாகு தட்டின் துளைகள் வழியாகக் கீழே இறங்கி, டிராயரின் அடியில் பரவி, அப்படியே இறுகிவிட்டது. ஒவ்வொரு துளையிலும் ஒரு வெல்ல ஆணி. முந்திரியும் தட்டும் டிராயரும் ஒரே பொருளாகிவிட்டன. முப்பது வருடத்தில் நான் செய்த எந்த வேலையும் இவ்வளவு உறுதியாக நின்றதில்லை.

கொஞ்ச நேரத்தில் மனைவி போன் செய்தாள்.

"குடுத்துட்டியா?"

"நாளைக்கு."

"இன்னா போட்ட?"

"முந்திரி."

"ஐய, பாயசத்துக்கு வச்சிருந்தேனே! சரி போ. நல்லா வந்துச்சா?"

"இன்னும் வரல" என்றேன். அதற்கு மேல் கேட்பதற்குள் வளைகாப்பு வீட்டில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பிழைத்தேன்.

சனிக்கிழமை எங்களுக்கு வேலை நாள். டிராயரை மட்டும் கழற்றித் துணிப்பையில் போட்டு டூல் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஓரமாக என் மேஜையின் வைஸ் இடுக்கியில் மாட்டி, டீ நேரத்தில் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்பது திட்டம். இரண்டு பலகைக்கு நடுவில் பதமாகக் கடித்துப் பிடிக்கவைத்தேன். அதற்குள் பக்கத்து லேத்தில் நிற்பவன் வந்துவிட்டான். அவன் வாய்க்கு எங்கள் வரிசையில் எல்லோரும் பயப்படுவோம்.

"இன்னா அண்ணாத்தே, புது டையா? டிராயிங் எங்க?"

"ஒண்ணுமில்லப்பா, போ."

அவன் போகவில்லை. குனிந்து மோந்து பார்த்தான். ஒரு விரலால் தடவி நாக்கில் வைத்தான். "மாமே! டேஸ்ட்டு அள்ளுது! ஆனா இத்த சாப்டறதுன்னா மனுசனால ஆவாது, டிரில்லிங் மெஷின்தான் சாப்டணும்."

மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டினேன். பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினேன். ஒரு முந்திரி மட்டும் பாதியாக உடைந்து பறந்து அவன் சட்டைப் பையில் விழுந்தது. "டெலிவரியும் பண்றியா?" என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சூடு காட்டு என்றார் ஒருவர். மண்ணெண்ணெயில் ஊறப்போடு என்றார் இன்னொருவர். தின்கிற பாத்திரத்தில் மண்ணெண்ணெயா? கடைசியில் திருப்புளியை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். அது வழுக்கியது.

டிராயரின் கறுப்புப் பூச்சில் மூன்று கோடுகள் வெள்ளையாக, நீளமாக விழுந்துவிட்டன.

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். லேத்துக்காரனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "புதுசா ஒண்ணு வாங்கி வச்சிடு அண்ணாத்தே, யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். யாருக்கும் தெரியாதுதான். ஆனால் புதிதாக வாங்குவது அந்தப் பையன் முதல் சம்பளத்தில் வாங்கியதாகாது. அந்தம்மா தன் பையனிடம், "நீ குடுத்தது" என்று காட்டும்போது அது நான் கொடுத்ததாக இருக்கக் கூடாது. வேறு வழியில்லை. போய்ச் சொல்லித்தான் ஆகவேண்டும். எனக்கு அதைவிட அந்த டிராயரை முழுசாக விழுங்குவது சுலபமாகத் தோன்றியது.

சாயங்காலம் மெஷினை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றேன். கை இரண்டும் மெஷினில் இருந்ததால் கேட்டைத் தட்ட முடியவில்லை. கூப்பிடுவதற்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்த அந்தம்மாவே பார்த்துவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி! ஏன் வெளியவே நிக்கிய? உள்ள வாங்க."

கூடத்தில் அவர் வீட்டுக்காரர் பனியனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, தலையை ஆட்டிவிட்டு, சட்டை போட உள்ளே போனார். போனவர் வரவேயில்லை.

அந்தம்மா டிராயரை இழுத்துப் பார்த்தார். விரலால் சுண்டினார். டங் என்றது.

"என்ன அண்ணாச்சி இது, கல்லுல செதுக்கினாப்புலல்லா இருக்கு!"

"வெல்லம்ங்க" என்றேன். "நான்தாங்க."

"வெந்நி ஊத்திப் பாத்தியளா?"

"தண்ணி படக் கூடாதுன்னு வீட்ல சொன்னாங்க."

"மெஷினுக்குள்ள படக் கூடாது. இந்த டிராயருக்கு என்ன? வெல்லம் வெந்நில கரையாதா?"

வெல்லம் வெந்நீரில் கரையும். இதைத் தெரிந்துகொள்ளப் பத்தாவதுகூடப் படிக்க வேண்டியதில்லை. எங்கள் டூல் ரூமில் இருக்கும் பதினான்கு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நாங்கள் தண்ணீரைத் துருவாகத்தான் பார்த்துப் பழகியவர்கள்.

அந்தம்மா கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினார். நாங்கள் இருவரும் அடுப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஆணிகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. முந்திரிகள் மேலே மிதந்தன. தட்டு கழன்று கையோடு வந்தது. அவர் அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் அந்த மூன்று கோடுகளையும் விரலால் காட்டினேன்.

"இது கரையாதுங்க. திருப்புளி பட்டுடுச்சு. உங்க பையன் வாங்கிக் குடுத்தது. மன்னிச்சிடுங்க."

அவர் துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். கோபம் என்று நினைத்தேன். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? யாருகிட்டயும் சொல்லிராதிய. இதுல நான் ஒரு நாளும் எதுவும் செஞ்சதே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"ஒரே ஒரு தடவ சுவிட்ச போட்டேன். உள்ள குர்ருனு காத்து சத்தம். பயந்துபோய்ப் பிளக்கப் பிடுங்கிட்டேன். எட்டு மாசம் ஆச்சு. அவன் போன்ல கேக்கும்போதெல்லாம், தெனமும் அதுலதான்டா செய்யுதேன்னு சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரி கேட்டதும், அப்பாடா, கொஞ்சம் பழசாவது ஆவட்டும்னு குடுத்துவிட்டேன். நாளைக்கு வந்து, அதுல ஏதாவது செஞ்சு குடும்மாம்பான். நான் எங்க போவேன்? நீங்க செஞ்சத எனக்குச் சொல்லிக் குடுங்க."

"நான் செஞ்சது கெட்டுப்போச்சுங்களே."

"எப்படிக் கெட்டுச்சுன்னு தெரியும்லா? அது போதும்."

முந்திரி வாங்கிவரட்டுமா என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. வெளியே வராமலேயே வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், விடுவிடுவென்று கடைக்குப் போனார். நான்கூட அவ்வளவு வேகமாக ஒரு வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

இந்தத் தடவை அந்தம்மா பாகை இளசாகக் காய்ச்சினார். முந்திரியைக் கிண்ணத்தில் போட்டுப் பிசறி, ஒழுகுவதையெல்லாம் வடியவிட்டு, நெய் தடவிய தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கினார். சுவிட்சைப் போட்டதும் காற்றுச் சத்தம் வந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ஃபேன்தாங்க. ஒண்ணும் பண்ணாது."

நான்கு நிமிடத்தில், "குலுக்கணும்ங்க" என்றேன். அவர் பயந்தார். நானே கைப்பிடியைப் பிடித்தேன். மணி அடிப்பதற்கு முன்னால் அடுப்பைத் திறக்கிறேன் என்று என் கை நம்ப மறுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தேன். குலுக்கினேன். உள்ளே கலகலவென்று தனித்தனியாக உருண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அந்தம்மா முன்னால் வந்து, அடுத்த தடவை தானே இழுத்துக் குலுக்கினார். மூன்றாவது தடவை தேவையே இல்லை. அதையும் குலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மதிலுக்கு மேலே அந்தம்மாவின் தலை தெரிந்தது. "அண்ணாச்சி, பையன் வந்தாச்சு. வாங்க." வேலை இருக்கிறது என்று சொல்லப் பார்த்தேன். "உங்களுக்கு ஒரு வேலையும் இல்லன்னு உங்க வீட்டுக்காரி இப்பதான் போன்ல சொன்னாங்க" என்றார்.

போனேன். தட்டில் முந்திரி பளபளத்தது. ஓசூரில் ஏதோ வண்டிக் கம்பெனியில் வேலையாம் பையனுக்கு. நல்ல உயரம், அம்மா முகம். இரண்டு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய் டிராயரை இழுத்தான்.

"ம்மா! இன்னாம்மா இது, கோட்டிங்கே தேஞ்சு போயிருக்கு! இவ்ளோ யூஸ் பண்றியா நீ?"

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த மூன்று கோடுகளையும் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். அவன் அம்மா என்னைப் பார்த்தார். நான் முந்திரியைப் பார்த்தேன்.

"அப்படி தெனமும் இன்னாதான் செய்வ?"

"இதான்... முந்திரி."

"தெனமும் முந்திரியா? அப்பாவுக்கு சுகர் இருக்குல்ல?"

வீட்டுக்காரர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவின் காது சிவந்துகொண்டு வந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் எட்டு மாதப் பொய்யும் உடைந்துவிடும்.

"பாவக்கா வறுப்பாங்க தம்பி" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "உருளைக்கிழங்கு. சேப்பங்கிழங்கு. அப்புறம் எங்க வீட்டுக்கெல்லாம் குடுத்து அனுப்புவாங்க, வாழப்பூ வடை. எண்ணெயே இருக்காது. மொறுமொறுன்னு இருக்கும். எங்க வீட்ல இதப் பாத்துட்டுத்தான் மெஷின் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. சாயந்திரமானா மதில் தாண்டி அந்தக் காத்து சத்தம் கேக்கும். சத்தம் கேட்டாலே எங்களுக்குப் பசிக்கும்."

என்னால் நிறுத்த முடியவில்லை. பதினோரு வருடத்துப் பேச்சு வரிசையில் நின்றுகொண்டிருந்தது போலிருக்கிறது. வீட்டுக்காரர் மின்விசிறியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். அந்தம்மா கண்ணால் போதும் போதும் என்றார்.

"வாழப்பூ வடையா! ம்மா, சொல்லவே இல்ல! எனக்குச் சாயந்திரம் அதான் வேணும். ஏழு மணிக்கு பஸ்ஸு."

அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அவர் வீட்டுக்காரர் மேஜையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். வாசலுக்குப் போய், திரும்பி என்னைப் பார்த்து, "வாங்க" என்றார். அவர் என்னிடம் சொன்ன முதல் சொல் அதுதான்.

ஆவடி மார்க்கெட்டுக்கு அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒரு சிக்னலில் நின்றபோது திரும்பாமலேயே கேட்டார்.

"அந்த மெஷின்ல வட வேகுமா?"

"தெரியலைங்க."

"அப்புறம் எதுக்குச் சொன்னிய?"

"வாயில வந்துடுச்சுங்க."

அவர் முதுகு குலுங்க ஆரம்பித்தது. அப்புறம் ஸ்கூட்டரே குலுங்கியது. பச்சை விழுந்து பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, "இன்னா நைனா, சிக்னல்ல சிரிச்சுகினு கீறீங்க" என்று கத்துகிறவரை அவர் வண்டியை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மார்க்கெட்டில் அதற்குள் கடைகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கடையில் வாழைப்பூ கிடைத்தது. இரண்டு கொடுங்கள் என்றார். ஒன்று போதுமே என்றேன்.

"கெடுக்கதுக்கு ஒண்ணு" என்றார் பையை விரித்துக்கொண்டே, "புள்ளைக்குக் குடுக்கதுக்கு ஒண்ணு."